முதிரும் ஒயினும் பொறுக்கும் கையும்

தம்பி, பினாங்குத் தீவில் ஓட்டல் ஒன்றில் ஒயின் பரிமாறும் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாய் என்று உன் அம்மா சொன்னாள். மனம் நிறைந்தது. பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரி ஏறி அதே வேலைக்குப் போய் வந்தவன் நான். அதற்கு முன்னால், எண்பதுகளின் தொடக்கத்தில், இங்குள்ள ஆகாயப்படைத் தளத்தில் அதிகாரிகளின் சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறினேன். தளம் 1970இல் மலேசியாவின் கைக்கு வந்துவிட்டாலும் ஆஸ்திரேலியர்களின் மிராஜ் விமானங்கள் 1988 வரை இங்கேயே இருந்தன. அவர்கள் மேசையில்தான் நல்ல சிவப்பு ஒயினை முதன்முதலாகப் பார்த்தேன். அதன் குணம் என்ன, எது காலம் தாங்கும், எது தாங்காது என்று கேட்டிருந்தாய். புத்தகத்தில் இருப்பதை நீயே படித்துக்கொள்வாய். படித்தவர்களும் தவறவிடுகிற சிலவற்றை, என் கையிலும் பிறர் கையிலும் கெட்டுப்போன புட்டிகள் சொல்லித் தந்தவற்றை, இங்கே எழுதுகிறேன்.

1. வயதை மட்டும் வைத்து மதிக்காதே. உலகத்தில் செய்யப்படும் ஒயினில் மிகப் பெரும்பகுதி இரண்டு மூன்று ஆண்டுக்குள் குடித்து முடிப்பதற்கென்றே செய்யப்படுகிறது. அது குறை இல்லை. அதன் வேலை அது. ஒருமுறை பிறை பக்கத்துக் குத்தகைக்காரர் ஒருவர், தன் கல்யாணத்துக்கு வந்த புட்டி ஒன்றை மகள் நிச்சயத்துக்குத் திறக்கக் கொண்டுவந்தார். இருபது வருஷத்துக்கு மேல் வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில் நின்றபடி இருந்த புட்டி. சாதாரண மேசை ஒயின். திறந்து ஊற்றினால் நிறம் கருப்பட்டிப் பாகு, மணம் புளித்த காடி. மனிதர் முகம் வாடியதை இன்னும் மறக்கவில்லை. பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பது இங்கே அப்படியே உண்மை. யாராவது பழைய புட்டியோடு வந்தால் அதன் வயதைக் கேட்டு வாய் பிளக்காதே. யார் செய்தது, எந்தத் திராட்சை, இத்தனை நாள் எங்கே இருந்தது என்று கேள்.

2. நான்கையும் சேர்த்துப் பார்க்கக் கற்றுக்கொள். துவர்ப்பு, புளிப்பு, பழச்சுவை, சாராயச் சத்து. இந்த நான்கும் ஒன்றையொன்று மிஞ்சாமல் நிற்கிற ஒயின்தான் முதிரும். துவர்ப்பை டானின் என்பார்கள். திராட்சைத் தோலிலும் விதையிலும் காம்பிலும் இருந்து வருவது. கோப்பிக்கடையில் நெடுநேரம் ஊறிய தே-ஓவைச் சீனி போடாமல் குடித்தால் நாக்கும் ஈறும் வறண்டு இழுக்குமே, அதே இழுப்புத்தான். இளம் ஒயினில் அது முரடாக இருக்கும். ஆண்டுகள் போகப் போகத் துவர்ப்புச் சத்தும் நிறச் சத்தும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பெரிதாகி, பாரம் தாங்காமல் அடியில் வண்டலாகப் படிகின்றன. அதனால்தான் முதிர்ந்த ஒயின் நாக்கில் மெத்தென்று இறங்குகிறது. புளிப்பு அதற்கு உயிர் கொடுக்கிறது; புளிப்புக் குறைந்தது சீக்கிரம் தளர்ந்துபோகும்.

ஆனால் துவர்ப்பு அதிகமாக இருந்தால் நீண்ட நாள் நிற்கும் என்று முடிவு கட்டிவிடாதே. பிரான்சின் போர்டோ வட்டாரத்தில் 1975 விளைச்சலைப் பலர் அப்படித்தான் நம்பினார்கள். கடுந்துவர்ப்பு, காத்திருந்தால் கனியும் என்றார்கள். பல புட்டிகளில் துவர்ப்பு அடங்குவதற்குள் பழம் செத்துவிட்டது. 1982 விளைச்சல் நேர்மாறு. இளமையிலேயே கனிந்து, குடிக்க இதமாக இருந்தது. இது நிற்காது என்று சில விமர்சகர்கள் கையை விரித்தார்கள். ராபர்ட் பார்க்கர் என்ற அமெரிக்க விமர்சகரோ இது பெரிய ஆண்டு என்று துணிந்து எழுதினார். காலம் அவர் பக்கம் நின்றது. முரட்டுத்தனத்தைப் பலம் என்று எண்ணுகிற தவறை மனிதர்களிடம் செய்வது போதும். புட்டியிலும் செய்ய வேண்டாம்.

3. நிறத்தைப் பார், ஆனால் நிறத்திடம் ஏமாறாதே. வெள்ளை மேசைவிரிப்பின் மேல் கிளாசைச் சாய்த்து விளிம்பைப் பார்க்க வேண்டும். இளமையில் விளிம்பு வரை நாவல்பழ நிறம். பிறகு மாணிக்கச் சிவப்பு. முதிர முதிர விளிம்பு செங்கல் நிறத்துக்குப் போகும். வயதை அறிய இது உதவும். வாழ்நாளை அறிய உதவாது. இத்தாலியின் பரோலோ ஒயின் நெப்பியோலோ என்ற திராட்சையில் செய்வது. இளமையிலேயே வெளிறித் தெரியும். சோப்ளாங்கி என்று நினைப்பாய். வாயில் வைத்தால் துவர்ப்பும் புளிப்பும் பிடித்து இழுக்கும். நல்ல ஆண்டாக இருந்தால் முப்பது நாற்பது வருஷம் நிற்கும். கருகருவென்று இருக்கிற எத்தனையோ மலிவு ஒயின் ஐந்து வருஷம் தாங்காது.

4. மணத்தை உன் மூக்கால் முகர். கெபர்னே சொவினியோன் இளமையில் கருந்திராட்சை மணம், கொஞ்சம் பச்சை மிளகாய்க் காம்பு வாடை தரும். பதினைந்து இருபது ஆண்டு நல்ல இடத்தில் கிடந்தால் பழம் உலர்ந்து, சுருட்டுப் பெட்டி, தோல், காளான், மழை நனைத்த மண் என்று வேறொரு குணத்துக்கு வந்துவிடும். இந்த மாற்றம்தான் முதிர்ச்சி. விருந்தினர் கருந்திராட்சையைக் 'கேசிஸ்' என்றும் தேவதாரு மர மணத்தைச் 'சீடர்' என்றும் சொல்லும்போது தலையாட்டிவிட்டு வராதே. லிட்டில் இந்தியா மளிகைக் கடைகளில் ஒரு காலை முழுக்க நின்று கிராம்பு, ஜாதிக்காய், பட்டை, சுக்கு, உலர்திராட்சை, புகையிலை ஒவ்வொன்றையும் கையிலெடுத்து மோந்துபார். பினாங்கில் பிறந்தவனுக்கு ஜாதிக்காயைத் தெரியாமல் போகுமா? நம் மூக்கு நிறையத் தெரிந்த மூக்கு. அதை நம்பு.

5. அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாதே. 1976 மே 24 அன்று பாரிசில் ஒரு போட்டி நடந்தது. ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேயர் நடத்தினார். பெயரை மறைத்து ஊற்றியதில், பிரெஞ்சு நடுவர்களே கலிபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் 1973ஐச் சிவப்பில் முதலிடத்தில் வைத்துவிட்டார்கள். பிரான்சில் பலர் சொன்ன சமாதானம் இது: அமெரிக்க ஒயின் இளமையில் மினுக்கும், எங்களுடையது முதிர்ந்து வெல்லும். நியாயமான வாதம்தான், பொறுத்துப் பார்த்தால்தான் தெரியும். பொறுத்தார்கள். முப்பது ஆண்டு கழித்து 2006 மே 24 அன்று லண்டனிலும் கலிபோர்னியாவின் நாப்பாவிலும் ஒரே நாளில் அதே ஒயின்களை மறுபடி சுவைத்தார்கள். முதல் ஐந்து இடமும் கலிபோர்னியாவுக்கே போயின. அதிலும் முதலாவதாக வந்தது ரிட்ஜ் மோன்டே பெல்லோ 1971. முதல் போட்டியில் ஐந்தாவதாக நின்றது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். அன்றைக்கு முதலாவதை எல்லாரும் கொண்டாடினார்கள், ஐந்தாவதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இன்னொன்று. நல்ல சிவப்பு ஒயின் சில ஆண்டுகள் வாயை மூடிக்கொள்ளும். இளமைப் பழமும் போய், முதிர்ந்த மணமும் வராத இடைக்காலம். அப்போது திறந்தால் ஒன்றுமே இல்லாதது போலத் தெரியும். ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்க வேண்டும் என்பார்களே, அது இந்தக் காலத்துக்குத்தான் பொருந்தும். அப்படிப்பட்ட புட்டியை மட்டம் என்று எழுதிவைக்காதே. இன்னும் சில வருஷம் விடச் சொல்.

6. செய்தவரின் பொறுமையை அறிந்து ஊற்று. மேக்ஸ் ஷூபர்ட் கதையைத் தளத்தில் ஆஸ்திரேலியர்கள் சொல்லக் கேட்டேன். பிறகு நானே தேடிப் படித்தேன். பென்ஃபோல்ட்ஸ் நிறுவனத்தில் ஒயின் செய்தவர். 1950இல் ஐரோப்பா போனபோது போர்டோவில் நாற்பது ஐம்பது ஆண்டு முதிர்ந்த ஒயின்களைச் சுவைக்கக் கொடுத்திருக்கிறார்கள். நம் நாட்டிலும் இப்படி ஒன்று செய்ய வேண்டும் என்று திரும்பி, 1951இல் ஷிராஸ் திராட்சையில் கிரேஞ்ச் என்ற ஒயினைத் தொடங்கினார். நிறுவனத்தாரும் நிபுணர்களும் சுவைத்துப் பார்த்துக் கேலி செய்தார்கள். 1957இல் நிறுத்தச் சொல்லி உத்தரவு. அவர் நிறுத்தவில்லை, 1957, 58, 59 விளைச்சல்களை மறைவாகவே செய்து நிலவறையில் வைத்தார். இடையில் முதல் புட்டிகள் முதிர்ந்துகொண்டிருந்தன. மறுபடி சுவைத்தவர்கள் மனம் மாறி, 1960இல் திரும்பச் செய்யச் சொன்னார்கள். 1955 விளைச்சல் 1962இல் சிட்னி கண்காட்சியில் தங்கப் பதக்கம் வாங்கியது.

கேலி செய்தவர்கள் நாக்குக் கெட்டவர்கள் இல்லை. இருபது ஆண்டுக்கென்று செய்ததை இளமையிலேயே குடித்தார்கள், அவ்வளவுதான். உன் கையில் ஒரு நாள் கிரேஞ்ச் வந்தால் விலையை நினைத்துக் கை நடுங்காதே. அந்த மனிதரை நினைத்துக்கொண்டு திற.

7. நம் ஊர் வெயிலுக்குப் பயப்படு. எல்லா அறிவுரையிலும் பட்டர்வொர்த்காரனுக்கு இதுதான் தலையானது. ஒயின் அமைதியாக முதிர ஏறத்தாழ 13 டிகிரி வேண்டும். அதுவும் ஏறாமல் இறங்காமல். இங்கே பகலில் 31, 32. இரவில்கூட 24க்குக் கீழே போவது அரிது. சூட்டில் ஒயின் வேகமாக முதிர்கிறது என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். முதிர்வதில்லை, வேகிறது. பழம் வெந்து, ஜாம் வாடை வந்து, அதன் பிறகு எத்தனை குளிரில் வைத்தாலும் திரும்பாது.

லங்காவி 1987 முதல் வரியில்லாத் தீவு. நம் ஆட்கள் அங்கே போய் நல்ல புட்டிகளாகப் பார்த்து வாங்குவார்கள். பெர்ரியில் குவாலா கெடாவில் வந்து இறங்கி, புட்டியைக் கார் பின்பெட்டியில் போட்டுவிட்டு, வழியில் நிறுத்தி மீன்கறிச் சாப்பாடு. நடுப்பகல் வெயில். அப்படி வந்த புட்டி ஒன்றை நண்பர் என்னிடம் காட்டினார். கழுத்தை மூடிய தகடு லேசாக மேலே எழும்பியிருந்தது. விரலால் சுற்றிப் பார்த்தேன், நகரவில்லை. அடியில் கசிந்த ஒயின் பசையாக ஒட்டிப் பிடித்திருந்தது. தகட்டைக் கீறி எடுத்தபோது கார்க் புட்டி வாயைவிட்டு நெல்லளவு வெளியே நின்றது, பக்கவாட்டில் மேல்வரை ஊதாக் கோடு. சூட்டில் ஒயின் விரிந்து கார்க்கைத் தள்ளியதற்கு இவ்வளவு சாட்சி போதும். வரியில் மிச்சம் பிடித்ததை ஒரு சாப்பாட்டு நேரத்தில் இழந்தார்.

ஆகவே புட்டி வந்து இறங்கும்போதே கழுத்தைத் தடவிப் பார். ஒயின் மட்டம் தோள்வரை இறங்கியிருந்தால் சந்தேகப்படு. கார்க் போட்டதைப் படுக்க வை. கார்க் உலர்ந்து சுருங்கினால் காற்று நுழையும். வெளிச்சம் படாமல், அதிராமல் இருக்கட்டும். அடுப்படியிலும் குளிர்பெட்டித் தலையிலும் சாமிமேடை அடியிலும் வேண்டவே வேண்டாம். ஒயினுக்கென்று தனிக் குளிர்பெட்டி இல்லாதவர் பத்து வருஷத் திட்டத்தோடு வாங்கக் கூடாது என்று விருந்தினரிடம் நேராகச் சொல். விற்பனை குறைந்தாலும் உன் பெயர் நிற்கும்.

சிவப்பு ஒயினை 'அறைச் சூட்டில்' ஊற்ற வேண்டும் என்பது ஐரோப்பியப் பழைய வீட்டு அறையை வைத்துச் சொன்னது. 16, 18 டிகிரிதான் அதன் அர்த்தம். இங்கே மேசையில் நிற்கும் புட்டி அதைவிட எவ்வளவோ சூடு. பதினைந்து இருபது நிமிஷம் ஐஸ் தண்ணீரில் நிறுத்த வெட்கப்படாதே.

8. முதிர்ந்த புட்டியிடம் கை மெல்ல நடக்கட்டும். ஒன்றிரண்டு நாள் முன்பே நிமிர்த்தி வை, வண்டல் அடியில் இறங்கட்டும். பழைய கார்க் பொடிப்பொடியாக உதிரும். திருகியை நடுவில் நேராக இறக்கி, இழுக்காமல் தூக்கு. கழுத்துக்குப் பின்னால் மெழுகுவத்தியோ சிறு விளக்கோ வைத்து ஒரே மூச்சாக டெகான்டர் குடுவையில் சாய். நூல்போலக் கலங்கல் கழுத்துக்கு வந்த கணமே நிறுத்து. மீதம் ஒரு வாய் போனால் போகட்டும். இளம் முரட்டு ஒயினை ஒன்றிரண்டு மணி நேரம் காற்றாட விடலாம். நாற்பது வயதானதை அப்படி விட்டால் மேசைக்கு வரும்போது மணம் போய்விட்டிருக்கும். ஊற்று, உடனே கொடு.

9. இது வெள்ளைக்காரன் பொருள், நமக்கு எதற்கு என்று யாராவது சொன்னால் சிரித்த முகத்தோடு கேட்டுக்கொள். யவனர் கொண்டுவந்த தேறலைப் பாண்டியன் பருகியதைப் புறநானூறு பேசுகிறது. குறவர் மூங்கில் குழாயில் தேறலை ஊற்றி முதிரவைத்ததும் அதில் உண்டு. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945இல் வீலர் தோண்டியபோது மத்தியதரைக் கடலிலிருந்து வந்த மதுச்சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. இன்றைக்குத் தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் திராட்சை பறிக்கிறார்கள்; அங்குள்ள பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் அது பெரும்பாலும் தின்கிற பழம். நீண்ட நாள் முதிரும் ஒயினுக்குக் கொடி குளிர்காலத்தில் தூங்கி எழ வேண்டும், பழம் மெல்லப் பழுக்க வேண்டும். பெங்களூருக்கு அருகே நந்தி மலையடியிலும் நாசிக்கிலும் கவாத்து செய்யும் காலத்தைக் கணித்து அந்தக் குறையை ஈடுகட்டப் பார்க்கிறார்கள். கிடைத்தால் சுவைத்துப் பார். பெருமைக்காக உயர்த்தியும் பேசாதே, தாழ்த்தியும் பேசாதே.

10. பொய் ஊற்றாதே. ரூடி குர்னியவான் என்ற ஜகார்த்தா இளைஞன் அமெரிக்காவில் அரிய பழைய ஒயின்களின் அரசன்போல வலம் வந்தான். 2008இல் அவன் ஏலத்துக்கு வைத்த புட்டிகளில் 1945 என்று தேதியிட்ட, பிரெஞ்சுக்காரரான பொன்சோ குடும்பத்தின் ஒரு தோட்டத்து ஒயின் இருந்தது. அந்தத் தோட்டத்து ஒயினை அந்தக் குடும்பம் செய்யத் தொடங்கியதே 1980களில்தான். லொரான் பொன்சோ நியூயார்க்குக்கே நேரில் போய் ஏலத்திலிருந்து எடுக்க வைத்தார். 2012இல் கைது, வீட்டில் பழைய புட்டிகளும் போலி ஒட்டுத்தாள்களும் அகப்பட்டன. 2014இல் பத்தாண்டுச் சிறை. அவனுக்கு அபாரமான நாக்கு என்று ஏமாந்தவர்களே சொன்னார்கள். திறமை இருந்தது, குணம் இல்லை.

உன் வேலையில் பொய் இத்தனை பெரிதாக வராது. ஈர அட்டைப்பெட்டி வாடை அடிக்கிற புட்டி ஒன்று வரும். கார்க்கில் ஒட்டிய டிசிஏ என்ற பொருளால் வருவது. விருந்தினருக்குத் தெரியாது, முதலாளிக்கு நஷ்டம். நீ சும்மா இருந்தால் ஒருவரும் கேட்க மாட்டார்கள். அன்றைக்கு அந்தப் புட்டியைத் திருப்பி எடுத்துப் போ. 'இது சரியில்லை, வேறு தருகிறேன்' என்று சொல். அதற்காக ஒரு மேலாளர் என்னைக் கடிந்துகொண்டார். அந்த விருந்தினரோ நான் ஓய்வு பெறும் நாள்வரை என்னைத்தான் கூப்பிட்டார்.

11. குடியின் மேல் மரியாதை வை, மயக்கத்தின் மேல் வைக்காதே. நம் தோட்டத்துச் சனங்களைக் கள்ளும் சம்சு சாராயமும் எப்படி அரித்தன என்று உன் பாட்டி சொல்லியிருப்பாள். பக்கத்துக் கெடாவில் பீடோங் வட்டாரத் தோட்டங்களில் 1947இல் தொண்டர் படை கள்ளுக்கடைகளை மூடச் சொல்லி மறியல் செய்தது. போலீசோடு மோதலாகி உயிரும் போனது. கூலிப் பணம் வீட்டுக்கு வராமல் கடையிலேயே கரைந்ததைப் பார்த்துப் பொறுக்காமல் எழுந்தவர்கள் அவர்கள். அந்தச் சனத்தின் பேரன் நீ. சுவைக்கும்போது வாயில் வைத்துத் துப்பக் கற்றுக்கொள். அது தொழில் முறை, அவமரியாதை இல்லை. வேலை முடிந்து மிச்சப் புட்டியோடு உட்காரும் கூட்டத்தில் சேராதே. நல்ல நாக்குள்ள இரண்டு பேரை அந்தக் கூட்டத்தில் இழந்தேன். 21 வயது நிரம்பாதவருக்கு ஊற்றாதே. 2017 கடைசியிலிருந்து சட்டமே அதுதான். குடிக்காத விருந்தினருக்குப் பழரசம் வைத்தாலும் அதே கிளாஸ், அதே பணிவு.

12. ஒரே ஒயினில் மூன்று புட்டி வாங்கு. உன் சம்பளத்துக்குத் தாங்குகிற விலையில், துவர்ப்பும் புளிப்பும் நன்றாக உள்ள கெபர்னேயோ ஷிராஸோ போதும். ஒன்றை இப்போதே திறந்து சுவைத்து நோட்டில் எழுது: தேதி, நிறம், மணம், நாக்கில் நின்ற நேரம். இன்னொன்றை மூன்று வருஷம் கழித்து, மூன்றாவதை ஆறேழு வருஷம் கழித்துத் திற. பழைய பக்கத்தைப் படிக்காமல் முதலில் எழுது, பிறகு ஒப்பிடு. எந்த வகுப்பும் சொல்லித் தராததை அந்த மூன்று பக்கம் சொல்லித் தரும். வைக்க இடம் இல்லையென்றால் என் வீட்டு ஒயின் குளிர்பெட்டியில் கீழ்த்தட்டுக் காலியாக இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வெயில் தாழ்ந்த பிறகு கொண்டு வா.